உள்ளுக்குத் தள்ளின பேஸ்மென்ற் சுவருக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கு முன்னம்

ஸ்காபரோவிலிருந்து:

சொல்லடைவுக் குழுவில எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோ வீட்டுக்காரருக்கான கையேடு ஒண்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறன், வெள்ளிக்கிழமை குடுக்கவேணும், ஒரு சொல்லில நிண்டிட்டன். வெளிமண் அழுத்தி பேஸ்மென்ற் (நிலத்துக்குக் கீழ இருக்கிற தளம்) சுவர் நடுவில உள்ளுக்கு வளைஞ்சு வாறது. இஞ்ச கன இடத்தில களிமண், ஈரத்துக்கு ஊதும், குளிருக்கு உறையேக்க இன்னும் தள்ளும், புளொக் சுவரெண்டா அரைவாசி உயரத்தில படுக்கையா வெடிப்பு ஓடும். எங்கட வீட்டு வெடிப்புக்குள்ள 25 சதக் குத்திக் காசு ஒண்டு செருகி நிக்கும். அம்மா பாத்திட்டு "சுவர் வண்டி வச்சிட்டுது" எண்டா. வண்டியெண்டா வயிறு எண்டு தமிழ்நாட்டு ஆக்களுக்கு விளங்காது. வெறும் "வளைவு" எண்டா அழகுக்குக் கட்டின ஆர்ச் எண்டு நினைப்பினம்.

கோவையிலிருந்து:

அம்மா, முதல்ல பேஸ்மென்ட்டையே பாருங்க. எங்க கொத்தனார் பேஸ்மட்டம்னு சொல்றது தரைக்கு மேல எழுப்புற ரெண்டு மூணு அடிக் கட்டுமானத்த. அதனால நிலவறைன்னு போடுங்க. அடுத்தது, தூக்குக்குண்டு விட்டுப் பாத்துட்டு அவங்களும் "செவுரு வயிறு தள்ளிருச்சு"ன்னுதான் சொல்லுவாங்க, உங்கம்மா சொன்னதேதான்! ஏட்டுக்கு "உட்பிதுக்கம்" வைக்கலாம். அழுத்துனாத்தான் பிதுங்கும், காரணமும் சொல்லுக்குள்ளயே வந்துருது.

மதுரையிலிருந்து:

ஐயா மன்னிக்கணும், பிதுங்குறதுன்னா ஒரு இடுக்கு வழியா வெளிய வர்றது. விழி பிதுங்கும், கிழிஞ்ச மூட்டையில பஞ்சு பிதுங்கும். இங்க சுவரே வளையுது, அதுக்கு "கோடுதல்" இருக்கு. குறள் 118ல "ஒருபால் கோடாமை", அடுத்த குறள்லயே "உட்கோட்டம் இன்மை". வள்ளுவர் மனசச் சொன்னாரு, நாம அந்த "உட்கோட்டம்"கிறதையே சுவருக்கு எடுத்துக்கலாம். யானைத் தந்தத்துக்குக் கோடுன்னு பேரு, அதுவும் வளைஞ்சதுதான், கொடுவாளும் அப்படித்தான், ஆனா இன்னைக்கு நேர்கோடுன்னும் சொல்றோம், வளைவுல பொறந்த சொல்லு எப்படி நேராச்சுன்னு பல வருஷமா யோசிக்கிறேன். 119லயே "செப்பம்" வருது பாருங்க, செம்மை, நேர்மை. செப்பனிடுதல் அதுலருந்து வந்தது. நோயும் மருந்தும் ஒரே குறள்ல கிடைக்குதே!

சென்னையிலிருந்து:

சார், கோட்டம்னா ஜனங்களுக்கு வள்ளுவர் கோட்டம், இல்லனா வருவாய்க் கோட்டம். நிலவறைன்னா கோயில் புதையல்தான் ஞாபகம் வரும். அகராதி பாக்க யாருக்கு நேரம் இருக்கு, வீட்ல சுவர் வெடிச்சவங்க பயத்தோட படிப்பாங்க. "உள்வளைவு" போதும்.

ஸ்காபரோவிலிருந்து:

நிலவறை வேண்டாம், "பேஸ்மென்ற் வாடகைக்கு" எண்டுதான் இஞ்ச விளம்பரமே போடுகினம். மதுரை ஐயா சொன்ன செப்பனிடுதல் நல்ல சொல், அதாலதான் எனக்குப் பயமாக் கிடக்கு. சுவர் 2 அங்குலத்துக்குள்ள தள்ளியிருந்தா காபன் ஃபைபர் பட்டை ஒட்டுறது வழக்கம், ஆனா பட்டை மேற்கொண்டு தள்ளவிடாமப் பிடிச்சு வைக்குமே ஒழிய சுவரை நிமித்தாது. செப்பம் எண்டா நேர் எண்டால், செப்பனிடுறம் எண்டு எழுதுறது நிமித்தித் தாறம் எண்டு வாக்குக் குடுக்கிறமாதிரி. காசு கட்டப்போற சனத்துக்கு அப்பிடி எழுத மனம் வரேல்ல. அதோட, வெளிய மண்ணுக்குள்ள இரும்புத் தகடு புதைச்சுக் கம்பியால சுவரை இழுத்துப் பிடிக்கிற முறைக்கு நங்கூரம் எண்டு போடலாமோ?

கோவையிலிருந்து:

சரியாச் சொன்னீங்க. பட்டைக்கு "பிடிமானம்", இரும்பு பீம் நிறுத்துனா "முட்டுக்கொடுத்தல்", தோண்டித் திரும்பக் கட்டுனா "மறுகட்டு". நங்கூரம் கப்பலோட போகட்டும், "இழுகம்பி" போதும். ஆனா எத ஒட்டுனாலும் கூரைத் தண்ணிய சுவர் ஓரமா விடாம தள்ளி விடணும்னு கண்டிப்பா எழுதுங்க, மண்ணு ஊறுனா அழுத்தம் குறையாது.

மதுரையிலிருந்து:

செப்பம் பத்தி அந்தம்மா சொன்னத ஒத்துக்கிறேன், அத நான் யோசிக்கல. உட்கோட்டத்த விடமாட்டேன்.

ஸ்காபரோவிலிருந்து:

நேற்று அம்மாட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். உட்பிதுக்கம் எண்டதுக்கு "ஆருக்கு?" எண்டு கேட்டா. உள்வளைவுக்கு ஒண்டும் பேசேல்ல. "உள்ளுக்குத் தள்ளின சுவர்" எண்டதும் எழும்பிக் கீழ போய் வெடிப்பைத் தடவிப் பாத்தா. அதையே "உள்நோக்கித் தள்ளிய சுவர்" எண்டு எழுதிக் குடுக்கிறன். மூண்டு பேர் சரியெண்டிட்டினம்.

மதுரையிலிருந்து:

அது விளக்கம் அம்மா, சொல் இல்ல. கையேடு போகட்டும், நம்ம சொல்லடைவுல மட்டும் உட்கோட்டத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்க. அப்புறம் வெடிப்பா, விரிசலான்னு இன்னும் யாரும் பேசவே இல்ல.