அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு எந்தப் படம்?

பிரியா: அப்பாவுக்குக் கொடுக்கும் படத்தை இன்றே ஃபிரேம் கடைக்கு அனுப்ப வேண்டும். ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடுமாம், கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். அப்பாவை யாரும் இந்தக் குழுவில் சேர்த்துவிடாதீர்கள்.

கனகா: முருகன் படம்தானே

ரவி: ஸ்டார் வார்ஸ் சினிமா போஸ்டர் என்று போன வாரமே பேசினோமே அம்மா

செல்வம்: போஸ்டர் வேண்டாம் ரவி, அது எங்கேயும் கிடைக்கும். ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியம் ஒன்றை அச்செடுத்துக் கொடுப்போம். 1975-இல், படப்பிடிப்பே தொடங்காத நேரத்தில், ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் கதையை அவரிடம் கொடுத்து வரையச் சொன்னார். ஃபாக்ஸ் சினிமா நிறுவனம் பணம் போட இறங்கி வந்ததில் அந்த ஓவியங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. படம் 1977-இல்தான் வந்தது. அதற்கு முன்பே அந்த உலகம் அவர் தாளில் இருந்தது.

கனகா: யார் அவர்

ரவி: மாமா ஆரம்பித்துவிட்டார்

செல்வம்: அக்கா, அவர் போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஓவியர். நிலவுக்குப் போன அப்போலோ பயணங்களுக்காக அமெரிக்காவின் சிபிஎஸ் டிவிக்கு அனிமேஷன் செய்தவர். அவர் வரைந்த விண்கப்பல் நிஜமாகவே பறக்கும் போல இருக்கும். படத்தின் வில்லன் டார்த் வேடரின் முகமூடியும் அவர் யோசனைதான். கதையில் வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு விண்வெளியில் கடந்து வர வேண்டும். அங்கே எப்படி மூச்சு விடுவான் என்று யோசித்து முகமூடி மாட்டினார். அந்த மூச்சுச் சத்தம் இல்லாமல் வேடர் ஏது?

லட்சுமி: ஐயோ, அந்தக் கறுப்பு முகம் கூடத்தில் வேண்டாம். மாலை யார் வாங்குவது?

ரவி: நான். காளியம்மன் கோவில் பக்கம்

கனகா: போன தடவை மாதிரி வாடினது வேண்டாம். மோல்மேன் சித்தப்பாவுக்குச் சொல்லியாச்சா? காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை என்று இன்னும் பேசுகிறார்

பிரியா: அப்பா போன் செய்தார் என்று நினைக்கிறேன். படம் எது?

செல்வம்: அண்ணி, முகமூடி வேண்டாம், சரி. பாலைவனத்தில் இரண்டு ரோபோக்கள் இருக்கும் ஓவியம். இந்தப் படத்துக்கு அவர் முதலில் முடித்தது அதுதான். பொன்னிற ரோபோவுக்கு, 1927-இல் வந்த மெட்ரோபோலிஸ் படத்துப் பெண் ரோபோவின் ஜாடை. திரையில் பார்த்ததைவிட ஒல்லி. ஒரு வார்த்தை இல்லை, ஆனால் வழி தெரியாமல் வந்து நிற்கிறார்கள் என்று புரிந்துவிடும். எனக்குப் படத்தைவிட இந்த ஓவியம்தான் பிடிக்கும்.

லட்சுமி: இது பரவாயில்லை

கனகா: மீன் வாங்கக் கொடுத்த காசில் வீடியோ கொட்டகைக்குப் போய்ப் பார்த்தீர்களே, அந்தப் படமா? அன்றைக்கு அப்பாவிடம் திட்டு வாங்கியது நான்

செல்வம்: அதேதான் அக்கா. இதையெல்லாம் எவன் நினைத்துப் பார்த்தான் என்று அண்ணன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இந்த மனிதர்தான். 2012-இல் இறந்துவிட்டார். இரண்டாம் படத்தில், பனிக் கிரகத்தில், ஜெனரல் வேஷத்தில் ஒரு நொடி வருவார். அண்ணனுக்குக் காட்ட வேண்டும்.

ரவி: எந்த இடம் மாமா? இன்று ராத்திரி பார்க்கிறேன்

பிரியா: கடைக்காரர் மறுபடி கூப்பிடுகிறார். ரோபோ படம் அனுப்பட்டுமா? ஃபிரேம் கறுப்பா, மரமா?

லட்சுமி: மரம்

செல்வம்: மரம். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல், வானம் முழுதும் தெரிய வேண்டும்

கனகா: சின்னதாக ஒரு முருகனும் போடச் சொல்

ரவி: மாலை எத்தனை ஜோடி?