பெஞ்சமினின் மெசியாவும் பின்னி மில்லும்: வாசிப்பு அனுபவங்கள்

பெரம்பூர் உறுப்பினர்:

ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், நாஜிகளிடமிருந்து தப்பியோடும் வழியில் உயிர்விட்ட 1940ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், வரலாறு குறித்து எழுதிய ஆய்வுரைகளை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். பின்னி மில்லில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். வரலாற்றுப் பொருள்முதல்வாதம் (மார்க்சிய வரலாற்றுப் பார்வை) என்னும் சதுரங்கப் பொம்மையை உள்ளே ஒளிந்திருந்து இயக்கும் குள்ளர்தான் இறையியல் என்ற முதல் ஆய்வுரையை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டாவதில், உழைக்கும் வர்க்கத்தை வருங்காலத் தலைமுறைகளின் மீட்பராகச் சித்திரித்தே சமூக ஜனநாயகவாதிகள் அதன் சினத்தையும் தியாக உணர்வையும் வற்றச் செய்தார்கள் என்றும், அவ்விரண்டும் ஊறுவது விடுதலை பெறப்போகும் பேரப்பிள்ளைகளை எண்ணி அல்ல, அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோரை எண்ணியே என்றும் வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மில்லை மூடினப்போ எங்க அப்பா மூஞ்சிதாம்பா கண்ணு முன்னாடி நின்னுச்சு, எம் பையன் மூஞ்சி இல்ல” என்றார்.

மெசியானிய ஆற்றல், அதாவது யூத மரபு எதிர்பார்க்கும் மீட்பரான மெசியாவுக்குரிய ஆற்றல், நமக்கு வழங்கப்பட்டிருப்பினும் அது வலுக்குறைந்தது, அதன்மீது இறந்தவர்களுக்கு உரிமை உண்டு என்று பெஞ்சமின் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1993இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா முன்வைத்த, எந்த மதத்தையும் எந்த மீட்பரையும் சாராத மெசியானியம் இதனோடு ஒப்பிட வெளிறியே தெரிகிறது. (1918இல் இதே பெரம்பூரில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா பிரம்மஞான சபையை (தியாசாபிகல் சொசைட்டி) சேர்ந்தவர். அடையாற்றில் அச்சபையினரோ அப்போது உலக குரு என்னும் மீட்பரின் வருகைக்குக் காத்திருந்தார்கள்!)

புளியந்தோப்பு உறுப்பினர்:

முன்னோர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட எங்களால் இயலாது. பின்னி மில்லில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. சங்க வரலாறுகளில் அது தோற்றுப்போன வேலைநிறுத்தம். எங்கள் வீட்டிலோ அது குடிசை எரிந்த கதை. எதிரி வென்றால் இறந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை என்கிறார் பெஞ்சமின். ஆனால் இறந்தவர்களே இரு பக்கமாக நின்றிருந்தால் யாருடைய உரிமையை முதலில் தீர்ப்பது?

இவ்விடத்தில் எனக்குக் கைகொடுப்பவர் இத்தாலியத் தத்துவவாதி அகம்பென். விவிலியத்தில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தை முன்வைத்து 2000இல் வெளியிட்ட நூலில், மெசியானிய அழைப்பு யூதர், யூதரல்லாதோர் என்ற பிரிவினையை அழிப்பதில்லை, அதையே மீண்டும் குறுக்காகப் பிளந்து இரு பக்கத்திலும் அடங்காத ஒரு மிச்சத்தை விட்டுவைக்கிறது என்கிறார். பிரிவினையை மறைக்காமல் பேசுவதால், சாதியை மறைத்துவிட்டு வர்க்கத்தைப் பேசுவோரைவிட அவர் எனக்கு நெருக்கமானவர்.

அந்தப் பெரியவரின் தாத்தாவும் மில்லில் இருந்திருந்தால், 1921இல் வெளியே நின்றாரா, உள்ளே போனாரா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு இங்கே எழுதுங்கள், தோழர்.