லிங்க் போட்ட பக்கம், காப்பி எடுத்த பக்கம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

புக்கிட் தீமா நூலகர்

லிப்கைட்ஸில் (நூலகங்கள் பாட வழிகாட்டிப் பக்கங்கள் செய்யும் இணைய மென்பொருள்) வேலை செய்பவர்கள்தான் இங்கே அதிகம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பாட வழிகாட்டி என் பொறுப்பு. அதில் மேற்கோள் முறை பற்றிய பக்கம் மட்டும் பொது வழிகாட்டியிலிருந்து வருகிறது. எனக்கு முன் இருந்தவர் 'ஏற்கெனவே உள்ள பக்கத்தைப் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்து, காப்பி கட்டத்தில் டிக் போடாமல் சேர்த்துவிட்டுப் போனார். அதாவது லிங்க்: மூலப் பக்கம் மாறினால் இதுவும் மாறும், இங்கிருந்து திருத்த முடியாது. காப்பி என்றால் தனிப் பிரதி, மூலத்தோடு தொடர்பில்லை.

ஆகஸ்டில் பருவம் தொடங்கியதும் ஒரு மாணவி கவுன்டருக்கு வந்தார். பழைய தமிழ் முரசு கட்டுரைகளை நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய நாளிதழ்களின் இணையக் களஞ்சியத்தில் தேடி எடுத்து, உள்ளூர் எழுத்தாளர்களின் புத்தகங்களையும் சேர்த்து ஒரு நூற்பட்டியல் செய்திருந்தார். கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'பெயரின் கடைசிச் சொல்லை முதலில் எழுதி, மற்றதை எழுத்தாகச் சுருக்கவும்' என்று அந்தப் பக்கம் சொன்னபடியே செய்திருந்தார். எழுத்தாளர்கள் பாதிப் பேர் அவரவர் அப்பா பெயரில் நின்றார்கள்.

"என் பேரையும் அதே மாதிரி போட்டுப் பார்த்தேங்கா. நான் இல்ல, எங்கப்பாதான் இருக்காரு" என்றார்.

அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின் எஸ்ஓ, டிஓ (இன்னாரின் மகன், மகள்) என்று அப்பா பெயரை எழுதும் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அது என் வழிகாட்டியில் தெரிகிற பக்கம்தானே தவிர, என்னால் திருத்த முடிகிற பக்கம் இல்லை. பொறுப்பாளரைக் கேட்டேன். 'பொறியியல், தாதிமை மாணவர்களுக்கும் இதே பக்கம்தான் போகிறது, தமிழ் உதாரணம் போட்டால் குழம்புவார்கள்' என்றார். பக்கத்தின் ஓரத்தில் இருப்பது என் படம், கேள்வி வருவது என்னிடம். ஒரு வரி எழுத எனக்கு இடமில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

பாசிர் ரிஸ் வாசி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் லிங்க்கைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கேளுங்கள்.

ஏபிஏ என்ற மேற்கோள் முறைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. பதிப்பித்த ஊரின் பெயர் தேவையில்லை, இருபது ஆசிரியர்கள் வரை பெயர் எழுத வேண்டும், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) முழு முகவரியாக வர வேண்டும் என்று பல மாற்றங்கள். நான் அப்போது இருந்த நூலகத்தில் மூலப் பக்கத்தைத் திருத்தினோம். லிங்க் போட்டிருந்த வழிகாட்டிகள் எல்லாம் அந்த நொடியே மாறின. காப்பி எடுத்தவை அப்படியே கிடந்தன, யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வெகு நாள் கழித்து ஒரு விரிவுரையாளர் இரண்டு தாள்களோடு வந்தார். இரண்டும் எங்கள் வழிகாட்டியில் அச்செடுத்தவை. ஒன்றில் ஊர்ப் பெயர் இருந்தது, மற்றதில் இல்லை. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது உங்கள் நூலகம் சொல்வது? நான் எதற்கு மதிப்பெண் குறைப்பது?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. அதிலிருந்து காப்பி என்றாலே எனக்குப் பயம்.

உட்லண்ட்ஸ்காரன்

பாசிர் ரிஸ் அண்ணே, நீங்க சொல்றது மூலப் பக்கத்தை ஒழுங்கா வச்சிருக்கிற ஆள் இருந்தா சரி. அந்த ஆள் யாருன்னே தெரியலன்னா?

எங்க இடத்துல தரவுத்தளம் தேடுற பக்கம் ஒண்ணு, நிறைய வழிகாட்டியில லிங்க்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. திருத்துற உரிமை வச்சிருந்த ஒருத்தர், தன்னோட வகுப்புக்கு மட்டும்னு நினைச்சு 'கட்டுரை இந்த வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும்'னு மேலே கொட்டை எழுத்துல போட்டுட்டாரு. வேற துறைப் பையன் ஒருத்தன் ராத்திரி நேரத்துல சாட்ல வந்தான். "எங்களுக்கு அடுத்த மாசம்னு சொன்னாங்களே, மாத்திட்டாங்களா?"ன்னு கேட்டான். அவனுக்கு நான் பதில் அடிக்கிறதுக்குள்ள அதே கேள்வியோட இன்னும் ரெண்டு பேர். யார் போட்டது, எந்த வகுப்புக்குன்னு எனக்கும் தெரியாது. 'தெரியல தம்பி, பார்த்துச் சொல்றேன்'னு நூலகத்தோட சொந்தப் பக்கத்தைப் பத்தி நூலகரே சொல்ற நிலைமை.

பழசாப் போன காப்பியால ஒரு வகுப்புக்குத்தான் பாதிப்பு. லிங்க் கெட்டா எல்லாருக்கும். நீங்க சொன்ன அந்த 'நொடியே மாறின' சமாசாரம் ரெண்டு பக்கமும் வெட்டும் அண்ணே.

பழைய பட்டியலாளர்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவ முடிவில் ஒருவர் 'இந்த வழிகாட்டியை இப்போது யாரும் பார்ப்பதில்லை' என்று முழுவதுமாக நீக்கினார். அதிலிருந்த பக்கத்தை லிங்க்காக எடுத்திருந்த மற்ற வழிகாட்டிகளிலும் அது மறைந்துபோனது. மறுநாள் காலை வகுப்பில் திரையில் காட்டுவதற்காக அந்தப் பக்கத்தைத் தேடி நின்றது நான்.

இப்போது உங்கள் மூவருக்கும் சொல்கிறேன். லிங்க்கா காப்பியா என்று முழுப் பக்கத்தை வைத்துச் சண்டை போடுவதே வீண். பக்கத்தைப் போலவே, பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் தனியாக மறுபயன்பாடு செய்யலாம். தமிழ் வழிகாட்டியில் சொந்தமாகப் புதுப் பக்கம் ஒன்று திறங்கள். பொது விதிகள் உள்ள பெட்டிகளை மட்டும் லிங்க்காக அதில் கொண்டுவாருங்கள். அவற்றுக்கு நடுவே தமிழ்ப் பெயர்களுக்கான பெட்டியை நீங்களே எழுதுங்கள். பதிப்பு மாறினால் பொதுப் பெட்டி தானே மாறும், உங்கள் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

மூலப் பெட்டிகளை ஒரு பாடத்தின் வழிகாட்டியில் வைக்காதீர்கள். பாடம் போனால் பெட்டியும் போகும். மாணவர் கண்ணில் படாத தனி வழிகாட்டி ஒன்றைக் களஞ்சியமாக வைத்து, எல்லா மூலமும் அதில்தான் என்று முடிவு செய்யுங்கள். திருத்தும் உரிமை ஓரிருவருக்குப் போதும். உட்லண்ட்ஸ் தம்பி சொன்ன வெள்ளிக்கிழமைக் கதை அப்போது நடக்காது. பெட்டியின் அடியில் பொறுப்பாளர் எந்தப் பிரிவு, கடைசியாகச் சரிபார்த்தது எந்த மாதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தரவுத்தள முகவரிகளைப் பத்திக்குள் கையால் ஒட்டாதீர்கள். அகரவரிசைத் தரவுத்தளப் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால், முகவரி மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும். எதையும் நீக்குவதற்கு முன் அது எங்கெல்லாம் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இணைப்பு, தரவுத்தளம் போன்றவற்றுக்கு அசெட்ஸ் என்ற உள்ளடக்கப் பட்டியலில் அதற்கென்று ஒரு நெடுவரிசையே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் ஆண்டு

நான் நூலகர் இல்லை, மாணவன். உங்கள் பக்கங்களை நம்பி எழுதுகிறவன்.

முதலில் எழுதிய அக்காவிடம் 'மற்றவர்கள் குழம்புவார்கள்' என்று சொன்னாரே, அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. குழு வேலையில் என்னோடு ஒரு மலாய் நண்பர், ஒரு சீனத் தோழி. உள்ளூர் ஆசிரியர்களை மேற்கோள் காட்டினோம். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னாலேயே இருக்கிறது, கடைசிச் சொல்லை எடுத்தால் அது தப்பு. மலாய்ப் பெயரில் 'பின்', 'பிந்தி'க்குப் பிறகு வருவது அப்பா பெயர், அதுவும் தப்பு. எங்கள் மூவர் பெயருமே அந்த ஒரு வரி விதிக்குப் பொருந்தவில்லை. தோழி தன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் யாருக்காக எழுதியது?" என்று கேட்டார். சிங்கப்பூர் நூலகத்தின் பக்கத்தில் சிங்கப்பூர்ப் பெயர்களுக்கு இடமில்லை என்றால் எப்படி? தாதிமை படிப்பவர்களுக்கும் இதே பெயர்கள்தானே?

பழைய பட்டியலாளர்

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் பட்டியலிடப் பயன்படுத்திய ஏஏசிஆர்2 என்ற ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலிடல் விதிகளில் இந்தியப் பெயர்களுக்கும் மலாய்ப் பெயர்களுக்கும் தனித்தனிப் பிரிவே இருந்தது. நூலகத்துக்கு இது புதிதாகத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. பட்டியல் பிரிவில் தெரிந்தது வழிகாட்டிப் பக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புக்கிட் தீமா நூலகர்

தம்பி, நான் தமிழ்ப் பெட்டி என்று கேட்டதால்தான் 'ஒரு துறைக்கு மட்டும்' என்ற பதில் வந்தது. மூன்று மொழிப் பெயர்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டியை எழுதிப் பொறுப்பாளருக்கு அனுப்புகிறேன், பொதுப் பக்கத்திலேயே வரட்டும். மலாய், சீன உதாரணங்களை அந்தந்தத் துறை நூலகர்களிடம் கேட்டு வாங்குகிறேன், நானாக எழுதப் போவதில்லை. அது வரும் வரை ஐயா சொன்னபடி புதுப் பக்கம் திறந்து பெட்டிகளை லிங்க் செய்கிறேன்.

பாசிர் ரிஸ் வாசி

பொதுப் பெட்டி வந்ததும் உங்கள் தற்காலிகப் பெட்டியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால், இரண்டு தாளோடு யாராவது வருவார்கள்.

உட்லண்ட்ஸ்காரன்

எடுக்காதீங்க அக்கா. பொதுப் பெட்டியில தமிழுக்கு எத்தனை வரி கொடுக்கிறாங்கன்னு முதல்ல பார்ப்போம்.