நோர்வேயில் ருஸ் காலம்: காசு, பஸ், தடுப்பூசி பற்றிப் பெற்றோருக்கு

கேள்வி: மகன் வீடெரகோவன்டெ (மூன்று வருட மேல்நிலைப் பள்ளி) முதலாம் ஆண்டு தொடங்கியிருக்கிறான். ருஸ் பஸ்ஸுக்கு இப்போதே காசு கட்ட வேண்டும் என்கிறான். படிப்பு முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே! இது கட்டாயமா? எவ்வளவு முடியும்?

பதில்: கட்டாயம் இல்லை. ருஸ் என்பது மேல்நிலைப் படிப்பு முடிக்கும் பிள்ளைகளின் கொண்டாட்டம், கொண்டாடும் பிள்ளைகளுக்கும் அதே பெயர். பள்ளிக்கூடம் நடத்தும் விழா அல்ல, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களே நடத்துவது. வழமையாக ஏப்ரல் கடைசியில் தொடங்கி, அரசியலமைப்பு நாளான மே 17 ஊர்வலத்தோடு முடியும். உடையின் நிறம் பொதுக்கல்விப் பிரிவுக்குச் சிவப்பு, வணிகப் பிரிவுக்கு நீலம், தொழிற்கல்விக்குப் பெரும்பாலும் கறுப்பு. சிவப்புத் தொப்பி 1905 முதல் இருக்கிறது, நீலம் 1916இல் ஒஸ்லோவின் வணிகப் பள்ளியில் வந்தது.

காற்சட்டை, தொப்பி, பெயர் அட்டைகள், இரண்டொரு விருந்துச் சீட்டு என்றால் சில ஆயிரம் குரோனரோடு முடிந்துவிடும். பிள்ளை ருஸ் ஆவதற்கு இவ்வளவே போதும். காற்சட்டையைக் கடைசிநாள் வரை தோய்க்காமல் போடுவது வழக்கம். அதனால் உள்ளே போட மெல்லிய நீளக் காற்சட்டை இரண்டு வாங்கிக் கொடுங்கள். மே மாத இரவிலும் குளிர் நன்றாகவே இருக்கும்.

பஸ் வேறு கதை. அது ஒரு குழு சேர்ந்து வாடகைக்கு எடுத்துக் கொண்டாடும் வண்டி. ஒஸ்லோவிலும் அதை அடுத்த Bærum, Asker ஊர்களிலும் குழுக்கள் முதலாம் ஆண்டிலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே சேர்ந்துவிடும். பஸ் வாடகை, ஒலிப்பெட்டிகள், விளக்கு, சாரதி, குழுவுக்கென்று எழுதிக்கொடுக்கும் பாட்டு எல்லாம் சேரப் பெரிய குழுவின் செலவு 10 இலட்சம் குரோனரைத் தாண்டும். 25 பேர் என்றால் ஆளுக்கு 40,000. இடையில் ஐந்து பேர் விலகினால் மிச்சம் 20 பேருக்கு 50,000 ஆகிவிடும். பெற்றோர் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். 18 வயதுக்கு முன் பிள்ளையின் கையெழுத்து மட்டும் செல்லாது என்பதால் உங்களிடம் கேட்பார்கள்.

கையெழுத்துப் போடுமுன் நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: விலகினால் கட்டிய காசு திரும்புமா, எந்தத் திகதி வரை; விலகுபவரின் பங்கை யார் கட்டுவது; குழுவின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பா, தன் பங்குக்கு மட்டுமா; வங்கிக் கணக்கு யார் பெயரில். ஒரு பிள்ளையின் வெறும் விப்ஸ் (கைபேசியில் காசு அனுப்பும் செயலி) எண்ணுக்கு மாதாமாதம் காசு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காசு சேர்க்க இவர்கள் கழிவறைக் காகிதம், காலுறை விற்பார்கள். குழு ஒழுங்காக நடந்தால் அதிலேயே நல்ல பங்கு தேறும்.

நடுவழியும் உண்டு. சாரதியோடு ஒன்பது இருக்கைக்குள் அடங்கும் வானைச் சாதாரண கார் லைசன்ஸிலேயே ஓட்டலாம், செலவும் பல மடங்கு குறையும். ஆனால் அன்றிரவு ஓட்டுபவர் ஒரு துளியும் குடிக்கக் கூடாது. சட்ட எல்லை இரத்தத்தில் 0.2 புரோமில்லே (ஆயிரத்தில் 0.2 பங்கு) மது. இரவு நிறையக் குடித்தவருக்கு அடுத்தநாள் காலையிலும் அதைத் தாண்டி நிற்கலாம்.

இன்னொருவர்: காசைவிட எனக்கு முக்கியம் தடுப்பூசி. நெருக்கமான கூட்டம், ஒரே போத்தலில் வாய் வைத்துக் குடிப்பது, நித்திரையில்லாமை எல்லாம் சேர்ந்தால் மூளைக்காய்ச்சல் கிருமி பரவ வசதி. 16 முதல் 19 வயதினருக்கு ஏ-சி-டபிள்யூ-ஒய் ஊசியை (அந்தக் கிருமியின் நான்கு வகைகளுக்கு எதிரானது) பொதுச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரே ஊசி, காசு நாமே கட்ட வேண்டும். பி வகைக்குத் தனி ஊசி, இரண்டு முறை இடைவெளி விட்டுப் போடுவது. ஆகவே மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே குடும்ப மருத்துவரிடமோ பள்ளித் தாதியிடமோ கேளுங்கள். ஏப்ரல் கடைசியில் ஓடிப்போய்ப் போட்டால் பலன் பிடிக்குமுன் கொண்டாட்டம் பாதி முடிந்துவிடும்.

காய்ச்சலோடு தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளி கண்டால் ஒரு கண்ணாடிக் குவளையை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழும் மறையாமல் தெரிந்தால் உடனே அவசர மருத்துவ எண் 113. புள்ளி இல்லாவிட்டாலும் கழுத்து விறைத்து, பிள்ளை மயங்கிக் கிடந்தால் காத்திருக்க வேண்டாம், நேரே 113தான். உயிராபத்து இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத சந்தேகத்துக்கு அவசர மருத்துவ நிலையத்தின் எண் 116117. பஸ்ஸுக்குள் சத்தம் கடுமையாக இருக்கும், காது அடைப்பான் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: தொப்பியில் முடிச்சுப் போடுகிறார்களாமே, அது என்ன?

பதில்: பள்ளியின் ருஸ் பிள்ளைகளின் செயற்குழு (பஸ் குழு அல்ல) ஒரு சவால் பட்டியல் போடும். ஒன்றைச் செய்து முடித்தால் தொப்பிக் கயிற்றில் ஒரு முடிச்சு, அதில் அடையாளமாக ஏதாவது சின்னப் பொருள். மரத்தில் இரவு தங்குவது போல வேடிக்கையானவை நிறைய. குடி, நிர்வாணம், பாலுறவு சம்பந்தமானவையும் சில பட்டியல்களில் இருக்கும். எதுவும் கட்டாயம் இல்லை. பட்டியல் வந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள், திட்டாமல். ரவுண்டபவுட்டில் செய்யும் சவால்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம், அங்கே ஆபத்து வாகனத்தில் வருகிறது.

பெயர் அட்டையில் படத்தோடு ஒரு பகிடி வாசகம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் தெருவில் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள். ஆகவே வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் வேண்டாம், ஏழு வயதுப் பிள்ளை வாசிக்கக்கூடிய வாசகமாகவும் இருக்கட்டும்.

கடைசியாகப் படிப்பு. எழுத்துப் பரீட்சைகள் நெடுங்காலமாக மே 17க்குப் பிறகுதான் வந்தன. உங்கள் பிள்ளையின் ஆண்டுக்கான திகதியைப் பள்ளியில் கேளுங்கள். ஒரு பாடத்தில் ஆவணம் காட்டாத வரவின்மை 10 வீதத்தைத் தாண்டினால் அந்தப் பாடத்தில் புள்ளியே கிடைக்காமல் போகலாம். இந்த எல்லையை மே மாதத்தில் தாண்டுபவர்கள் பலர் குளிர்காலத்திலேயே பாதியைச் செலவழித்தவர்கள். மார்கழியிலும் பங்குனியிலும் பாடம்பாடமாக வரவைப் பாருங்கள். 18 வயதானபின் பள்ளிக்கூடம் தானாக உங்களுக்கு அறிவிக்காது, பிள்ளைதான் தன் வரவுப் பதிவைத் திறந்து காட்ட வேண்டும்.