தோட்டா நிரப்பும் மேஜை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்காரன்:
டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஷெட்டில் மேஜை போட்டு, தன் வேட்டை ரைஃபிளுக்குத் தோட்டா நிரப்புவார். சுட்டு முடித்த பித்தளைக் கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக் கூட்டை, அச்சில் அழுத்தி, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் வைத்து, வெடிமருந்து போட்டு, குண்டை உட்கார வைக்கிற வேலை. இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

ஒருநாள் நடுவில் போன் வந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். மருந்து அளக்கும் கருவியின் மேல் குழாயில் பாதி வரை மருந்து நிற்கிறது. மேஜையில் இரண்டு டப்பா, இரண்டுமே திறந்திருக்கின்றன. இரண்டிலும் பென்சில் ஊக்கைப் பொடிப்பொடியாக நறுக்கின மாதிரி ஒரே சாம்பல் நிறம். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். குழாயில் இருப்பது எந்த டப்பா மருந்து என்று நிச்சயமில்லை. பேசாமல் குழாயைக் கழற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் ரோஜாச் செடிகளைச் சுற்றித் தூவிவிட்டார். கேட்டால், “நைட்ரஜன் இருக்கிறது, உரம்” என்றார். அம்மா தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தவள். ஒரு குச்சி கீழே கிடந்தாலும் பொறுக்கி வைப்போம். அன்றைக்கு எனக்குக் கை பரபரத்தது. இன்றைக்கும் பரபரக்கிறது.

கம்மவான்பேட்டை ஹவில்தார் (ஓய்வு):
அண்ணே, அவர் செய்ததுதான் சரி. ஆனால் இரண்டு டப்பாவை ஒன்றாகத் திறந்து வைத்தவருக்கு அந்த மேஜையே கூடாது. பட்டாளத்தில் சுட்ட வெற்றுக் கேஸை கோக்கா என்போம். எத்தனை சுட்டோமோ அத்தனை கோக்கா எண்ணிக் கொடுத்தால்தான் ரேஞ்சை, சுடும் திடலை, விட்டு வரலாம். ஒருமுறை ஒன்று குறைந்தது. எஸ்எல்ஆர் ரைஃபிள் காலம், 7.62 மி.மீ. தோட்டா. இருட்டும் வரை டார்ச் அடித்து முள்ளுச் செடியெல்லாம் துழாவினோம். கடைசியில் புதுப்பையன் ஒருவன் மெதுவாகச் சட்டையை அவிழ்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவன் சுட்ட கேஸ் சூடாகக் காலருக்குள் விழுந்து பெல்ட்டில் தங்கியிருக்கிறது. பயிற்சி தரும் உஸ்தாதுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. வயிற்றில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் மேஜை போட்டுவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959 ஆயுதச் சட்டம் 5வது பிரிவு பாயும். கம்பெனித் தோட்டா இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

ராணிப்பேட்டை டு ஹூஸ்டன்:
ஹவில்தார் ஐயா, கம்பெனித் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் தைத்த ரெடிமேட் சட்டை. இது நம் அளவுக்குத் தைப்பது. இங்கே சட்டமும் அனுமதிக்கிறது. என் கதை சின்னது: மருந்து நிறுக்கும் தராசு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில்; ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. நாம் பார்ப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. மேஜையில் எப்போதும் ஒரே மருந்து டப்பாதான், மற்றது அலமாரியில். பிஸ்டலுக்கான வேக மருந்து ரைஃபிள் கேஸில் போனால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்தைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், வெளிச்சமும் ஆகாது. பிரைமரை அதன் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைப்பவர்களை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். ஒன்று வெடித்தால் மொத்தமும் போகும். மருந்து போட்ட கேஸ்களை மரக்கட்டையில் நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், மட்டம் ஒன்று மாறினாலும் கண்ணில் படும். பழைய டப்பாவைத் திறந்ததும் புளித்த நெடி வந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஈயத் தூசி. மேஜையில் டீ, முறுக்கு எதுவும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஜவ்வாதுமலை அடிவாரம்:
யாரும் கேட்காமலே இவ்வளவு யோசனையா, சார்! எங்கள் வீட்டில் மேஜையும் இல்லை, தராசும் இல்லை. தாத்தாவிடம் உரிமம் வாங்கின நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கடலைக்காட்டுப் பன்றிக்கு. மழைக்காலத்தில் கரிமருந்து நமுத்துப் போகும் என்று சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். எலி அடைப்பைக் கடித்துவிட்டது. பாட்டி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில். பரணிலிருந்து கறுப்பாக ஒரு கோடு, எறும்புச் சாரை மாதிரி, சுவரில் இறங்கி அம்மிமேல் கொட்டுகிறது. அடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண்தான். பாட்டி ஊதுகுழலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு, குடத்தோடு உள்ளே போய் மொத்தத் தண்ணீரையும் ஊற்றினாள். அன்றிலிருந்து குடுக்கை மாட்டுக்கொட்டகையில்.

குடியாத்தம் அண்ணே, அந்த ரோஜா என்ன ஆச்சு?

குடியாத்தம்காரன்:
பூக்கிறதுக்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன், தம்பி. அந்தக் குழாயை மூன்று தடவை துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் மனிதர். அப்புறமும் அன்றைக்கு அந்த மேஜையில் உட்காரவில்லை.