லண்டனிலிருந்து வரும் பெட்டியில் வீகன் பொருள்: எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

செம்பூர் வாணி:
நாத்தனார் டிசம்பர் 28 அன்று லண்டனிலிருந்து மும்பைக்குக் கிளம்புகிறார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்களுக்கென்று 8 கிலோ இடம் ஒதுக்கியிருக்கிறாராம். வீட்டில் நாலு பேரும் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. மாமியாருக்கு முந்திரி, பாதாம் அலர்ஜி. பொங்கலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலைந்து சின்னப் பரிசும் வேண்டும்.

சாக்லேட், சீஸ் எல்லாம் வந்து சேருமா? அங்கே பாக்கெட்டில் பச்சைப் புள்ளி கிடையாதாமே, எதைப் பார்த்து வாங்கச் சொல்வது? செருப்பு, பை, சோப்பு பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லேபிள் படிப்பவன்:
வாணி மேடம், பச்சைப் புள்ளி இங்கேயும் வீகனுக்கு உதவாது. பால், நெய், தேன் மூன்றும் அந்தப் புள்ளிக்குள் அடக்கம். நம் ஊரில் வீகனுக்கென்று தனியாகப் பச்சைச் சதுரத்துக்குள் 'வி' எழுத்து போட்ட சின்னம் 2022 விதிகளோடு வந்தது. பிரிட்டனில் தேட வேண்டியது வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை. 1944இல் தொடங்கிய சங்கம் அது, முத்திரை 1990இலிருந்து இருக்கிறது. ஆனால் முத்திரை வாங்குவது கம்பெனியின் விருப்பம். அது இல்லாத பொருளிலும் வீகன் நிறைய உண்டு.

அதனால் நாத்தனாரிடம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜி தரும் 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பால், முட்டை, மீன் மூன்றும் அந்தப் பதினான்கில் வருகின்றன. வே பவுடர், கேசினேட், லாக்டோஸ், பட்டர் ஆயில் என்று எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் பக்கத்தில் 'மில்க்' என்ற சொல் தடிப்பாக நிற்கும். பத்து வினாடி போதும்.

தேன், ஜெலட்டின், அரக்கு, கார்மைன் ஆகியவை அந்தப் பதினான்கில் இல்லை. இவை தடிப்பாக இருக்காது, வரி வரியாகத்தான் படிக்க வேண்டும். எண்ணாகப் போட்டிருந்தால் இ-120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், இ-901 தேன்மெழுகு, இ-904 அரக்கு. இ-471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். அது இருந்தால் முத்திரையும் இருந்தால்தான் எடுக்கலாம்.

மாமியார் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொட்டைப் பருப்பை வைப்பதுதான் பல வீகன் இனிப்புகளின் செய்முறையே. கேட்பரி 2021இல் கொண்டுவந்த பிளான்ட் பார் சாக்லேட்டில் பாதாம் விழுது இருந்தது. வீகன் சீஸ் பலவற்றில் முந்திரி. வீகன் என்று எழுதியிருப்பது அலர்ஜிக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்வதாகாது. 'மே கன்டெயின் மில்க்' என்றால் அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்று அர்த்தம். கொள்கைக்காக வீகனாக இருப்பவர்கள் பலர் அதை வாங்குகிறார்கள், தவறில்லை. 'மே கன்டெயின் நட்ஸ்' என்று இருந்தால் உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். 'ஃப்ரீ ஃப்ரம்' அலமாரியும் அப்படித்தான். அது அலர்ஜிக்காரர்களுக்கான அலமாரி. கோதுமை இல்லாத கேக்கில் முட்டையும் தேனும் இருக்கலாம்.

கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய முறைக் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் சூயட் சேர்ப்பார்கள். அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு. மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்தின் உள்ளே வைப்பது உலர்பழக் கலவைதான் என்றாலும் அதிலும் சூயட் வரலாம், மேல்மாவில் வெண்ணெய் வரலாம். 'வெஜிடபிள் சூயட்' என்று இருந்தால் கொழுப்புப் பிரச்சினை தீர்ந்தது, வெண்ணெய், பால், முட்டை மூன்றையும் பார்க்க வேண்டும். ஊஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. குவார்ன் என்ற இறைச்சி மாற்றுப் பொருள்களில் பல முட்டை வெள்ளைக் கரு சேர்ந்தவை. 'வீகன்' என்று தனியாகப் போட்டதை மட்டும் எடுக்க வேண்டும்.

மாட்டுங்கா சமையல்கட்டு:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் சரக்குப் பக்கம் வருகிறேன்.

எடை குறைவு, இங்கே விலை அதிகம், கெட்டுப்போகாது. இந்த மூன்றும் பொருந்துவதை மட்டும் கேளுங்கள்.

முதலில் சீஸ் ருசி தரும் நியூட்ரிஷனல் ஈஸ்ட். மேரிகோல்ட் எங்கெவிட்டா என்ற டப்பா, 100 கிராம் சுமாருக்கு வரும். பி12 வைட்டமின் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை உண்டு, சேர்த்ததைக் கேட்க வேண்டும். ஈஸ்டில் இயல்பாக பி12 கிடையாது, கம்பெனி சேர்த்தால்தான் உண்டு. ரொட்டி ஈஸ்ட் போல இது மாவைப் பொங்க வைக்காது, சூடேற்றி உயிர் நீக்கியது. மும்பை மழைக்காலத்தில் டப்பா ஒருமுறை திறந்தால் பத்து நாளில் கட்டி தட்டும். வந்ததும் இரண்டு கண்ணாடிப் புட்டியில் பிரித்துப் போட்டு, ஒன்றைத் திறக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பி2 போய்விடும்.

பார்மேசான் சீஸ் போலத் தூவ எல்லாரும் முந்திரி போட்டுத்தான் அரைப்பார்கள். உங்கள் வீட்டுக்கு, எள் ஒத்துக்கொள்ளுமென்றால், வெள்ளை எள்ளு 3 டேபிள்ஸ்பூன், வெடிக்கும் வரை வறுத்து, நன்றாக ஆற விடுங்கள். ஈஸ்ட் 3 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பூண்டுப் பொடி கால் டீஸ்பூன். மிக்ஸியில் விட்டு விட்டு நாலு சுற்று, அவ்வளவுதான். தொடர்ந்து ஓட்டினால் எள் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். சூடு ஆறாமல் அரைத்தாலும் அதே கதி. பாஸ்தாவுக்கு மட்டும் இல்லை, இட்லிப் பொடிக்குப் பதில் தோசைமேல் தூவினாலும் அருமையாக இருக்கும்.

அடுத்தது ஹென்டர்சன்ஸ் ரெலிஷ். ஷெஃபீல்டில் 1885இலிருந்து செய்கிறார்கள். மீன் இல்லாத, ஊஸ்டர் சாஸ் ருசியுள்ள சாஸ் அது. 284 மி.லி. கண்ணாடிப் புட்டி. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு, சாக்ஸுக்குள் நுழைத்தால் உடையாது. பரிசாகக் கொடுக்கவும் நன்றாக இருக்கும், இங்கே பலர் பார்த்ததே இல்லை.

மார்மைட் 250 கிராம் ஒன்று போதும். ஈஸ்ட் சாறு, பி12 சேர்த்தது, ஆனால் பார்லியும் கோதுமையும் வருவதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கு வேண்டாம். ரொட்டியில் ஜாம் போல அள்ளித் தடவியவர்கள் மறுபடி தொட மாட்டார்கள். அத்தனை உப்பு. கால் டீஸ்பூன்தான் கணக்கு. காளான் கிரேவியில் அரை டீஸ்பூன் போட்டு உப்பைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், குழம்பு கனத்துவிடும்.

லைல்ஸ் கோல்டன் சிரப், 454 கிராம் தகர டப்பா. தேன் சாப்பிடாத வீட்டுக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. நிறமும் கனமும் தேன் மாதிரியே. நாள் ஆக ஆகச் சர்க்கரை கட்டினால் வேண்டிய அளவைக் கிண்ணத்தில் எடுத்துச் சுடுநீரில் பத்து நிமிஷம் வைத்தால் இளகிவிடும்.

சாக்லேட். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்கு அருகில் உருகும், 28, 30இலேயே இளக ஆரம்பிக்கும். மும்பை டிசம்பர் பகல் 31, 32 சாதாரணமாகப் போகும். கட்டி சாக்லேட் பெட்டியின் நடுவில், துணிக்கு உள்ளே இருந்தால் தாங்கும். உள்ளே மென்மையான கலவை வைத்த ட்ரஃபிள் வேறு. அதில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். தேங்காய் எண்ணெய் எத்தனை டிகிரியில் உருகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, 24 தாண்டினால் தண்ணீர். ட்ரஃபிள் வேண்டாம். மாமியாரும் சாப்பிட வேண்டும் என்றால் நோமோ என்ற பிராண்ட் கேளுங்கள். பால், முட்டை, கொட்டைப் பருப்பு மூன்றும் சேர்க்காமல் செய்கிறார்கள். ஆனாலும் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டே எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாக்லேட்டை நேரே ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்த உடனே பிரிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. குளிர்ந்த சாக்லேட் மேல் காற்றின் ஈரம் பனித்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளை பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, டப்பாவோடு வெளியே எடுத்து, அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். ஏற்கெனவே வெள்ளை பூத்திருந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் சர்க்கரை, முத்தாக நின்றால் கொழுப்பு. இரண்டையும் சாப்பிடலாம், கேசரியில் கூடப் போடலாம், பரிசாகத்தான் கொடுக்க முடியாது.

சீஸை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும், சிலதில் முந்திரி, எப்போதும் 5 டிகிரியில் இருக்க வேண்டியது. வீட்டிலிருந்து வீடு என்றால் பதினாறு மணி நேரம் ஆகும். ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பாவும் வேண்டாம், அதில் வெண்ணெய்தான் சரக்கே. கஸ்டர்ட் பவுடரும் தூக்கி வர வேண்டியதில்லை. 1837இல் ஆல்பிரட் பேர்ட் முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகச் சோள மாவில் செய்ததுதான் அது. இங்கே கிடைப்பதும் அதே சோள மாவுதான்.

செம்பூர் வாணி:
ரொம்ப நன்றி. ஓட்ஸ் பால் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். இங்கே வாங்கியதில் டிகாக்ஷன் ஊற்றினாலே திரிகிறது. காபிக்கென்றே செய்த பாரிஸ்டா வகை கொண்டுவரச் சொல்லட்டுமா?

டிகாக்ஷன் டபரா:
வேண்டாம் அக்கா. ஒரு லிட்டர் ஒரு கிலோ, எட்டு கிலோவில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். பாரிஸ்டா வகை இங்கேயே கிடைக்கிறது. ஓட்ஸ் பானத்தை 'பால்' என்று பெயர் போட்டு விற்க இரண்டு நாட்டிலும் அனுமதி இல்லை, அதனால் 'ஓட் டிரிங்க்' என்ற பெயரில் தேடுங்கள். சேர்மானத்தில் இ-340 அல்லது பொட்டாசியம் பாஸ்பேட் இருக்க வேண்டும். டிகாக்ஷனின் புளிப்பைத் தாங்குவது அதுதான். அது இல்லாத வகைதான் அநேகமாக உங்களிடம் இருக்கிறது.

இருப்பதைத் தீர்க்க வேண்டுமென்றால்: பானத்தைக் கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் இறக்குங்கள், 60, 65 டிகிரி. மேலே போனால் ஸ்டார்ச் வெந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும். டம்ளரில் முதலில் பானம் 150 மி.லி., அதன்மேல் டிகாக்ஷன் 40 மி.லி. மெதுவாக. மாற்றி ஊற்றினால், முதலில் விழும் கொஞ்சம் பானம் புளிப்பு முழுவதையும் வாங்கி அங்கேயே திரியும். காலையில் இறங்கிய டிகாக்ஷனைச் சாயங்காலம் சுடவைத்து ஊற்றுவதும் ஒரு காரணம், நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறும். கொஞ்சம் கருக வறுத்த பொடி வாங்கினால் புளிப்பு குறையும். சோடா உப்பு ஒரு லிட்டருக்குச் சிட்டிகை போடலாம், கூடினால் சோப்பு வாடை.

முலுண்ட் வாசி:
செருப்பு, பை பற்றி.

அங்கே ஷூவின் அடியிலோ நாக்கிலோ டப்பாவிலோ ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனிப் படம். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். தோல் வடிவத்துக்குள் வைரம் என்றால் மேல்பூச்சு போட்ட தோல். பின்னல் வலை என்றால் துணி. வெறும் வைரம் மட்டும் என்றால் மற்ற பொருள், அதாவது ரெக்ஸின், ரப்பர் வகை. மூன்றில் எந்த இடத்திலும் தோல் படம் இல்லாததை எடுக்க வேண்டும். ஒட்டும் பசை அந்தச் சீட்டில் வராது. அதிலும் விலங்குப் பொருள் இருக்கக் கூடாது என்பவர்கள் பிரைட்டனில் 1990இலிருந்து இருக்கும் வெஜிடேரியன் ஷூஸ் போன்ற முழு வீகன் கடையில் வாங்கலாம்.

ஆனால் மும்பைக்கு ஒரு எச்சரிக்கை. பியு (பாலியூரிதேன்) ரெக்ஸினில் ஈரம் புகுந்தால் மூலக்கூறு உடைந்து மேல்தோல் செதில் செதிலாக உரியும். இதில் கொடுமை என்னவென்றால், போடாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரண்மேல் வைத்ததுதான் முதலில் உரியும். பரிசு கொடுக்கும்போதே 'அடிக்கடி போடுங்கள், துணிப்பையில் வையுங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை சிலிக்கா ஜெல் போடுங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். அன்னாசி இலை நாரில் செய்த பினாடெக்ஸ் பைக்கும் மேல்பூச்சு உண்டு, அதே கவனிப்புதான். மும்பைக்கு நான் வாங்குவேன் என்றால் கெட்டி காட்டன் கேன்வாஸ் பைதான்.

சோப்பில் 'சோடியம் டாலோவேட்' என்றிருந்தால் மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. உதட்டுச் சாயத்தில் 'சிஐ 75470' என்பது அதே பூச்சிச் சிவப்பு, 'சீரா ஆல்பா' தேன்மெழுகு. முயல் படம் போட்டிருப்பது விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பதற்கு மட்டும், தேன்மெழுகு உள்ளே இருக்கலாம். சூப்பர்டிரக் கடையின் சொந்த பிராண்டில் விலை குறைவாக நல்ல கை க்ரீம்கள் கிடைக்கும், பொங்கல் பரிசுக்கு அளவான சரக்கு. கம்பளிச் சால்வை வீகன் இல்லை என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

லேபிள் படிப்பவன்:
இரண்டு மூன்று விட்டுப்போனவை.

டிசம்பர் 25 அன்று பெரிய கடைகள் திறக்கக் கூடாது என்று 2004 சட்டமே இருக்கிறது. 26, 27இல் கிறிஸ்துமஸ் சரக்குக்குத் தள்ளுபடி போடுவார்கள். நாத்தனார் 28 கிளம்புவதால் சாக்லேட்டை அப்போது வாங்குவது லாபம். ஜனவரி முழுக்க வீகனாகச் சாப்பிடும் 'வீகனுவரி' இயக்கத்துக்காக அந்த மாதம் வரும் புதுச் சரக்கு தவறிவிடுமே என்று கவலை வேண்டாம், அதில் பெரும்பகுதி குளிர்ப்பெட்டிச் சரக்கு, எப்படியும் இங்கே வராது. விமான நிலையத்தில் வாட் வரி திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கும் வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் கிரேட் பிரிட்டனில் அது இல்லை.

மார்மைட், சிரப், க்ரீம் மூன்றும் விமானப் பாதுகாப்பில் திரவக் கணக்கு. துபாய், தோஹா வழி மாறி வந்தால் அங்கே 100 மி.லி. விதியில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். இடம் போதாமல் மீதியைத் தபாலில் 'பரிசு' என்று எழுதி அனுப்பினால் சுங்கம் கட்ட வேண்டிவரும். முன்பு இருந்த 5,000 ரூபாய்ச் சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு.

நாலு பேர் முழு வீகன் என்கிறீர்கள். பி12க்கு மார்மைட்டையும் ஈஸ்டையும் மட்டும் நம்ப வேண்டாம். வீகன் சொசைட்டி சொல்லும் அளவு தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம். அவர்களே விற்கும் வெஜ் 1 என்ற மெல்லும் மாத்திரையில் பி12, பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3, 150 மைக்ரோகிராம் அயோடின் இருக்கின்றன. இங்கே மருந்துக்கடை டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, கேப்ஸ்யூல் ஜெலட்டின். எடையும் கிடையாது, ஒரு டப்பா கட்டாயம் கேளுங்கள். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், அந்த அயோடின் காரணமாக டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.