பிளேட்லெட் 42,000. அம்மாவோ நன்றாக இருக்கிறார். குழாயில் கோளாறா?

மதுரைப் பையன்:
அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தோம். பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், 42,000 என்று ரொம்பக் குறைவாக வந்தது. மறுநாள் அதே லேபில் 37,000. காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, தோலில் சிவப்புப் புள்ளி இல்லை. ஆபரேஷனைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பப்பாளி இலைச் சாறு வந்து நிற்கிறது. அம்மா மாவாட்டிக்கொண்டிருக்கிறார். என்ன செய்ய?

லேப் அக்கா:
ஊதா மூடிக் குழாயில்தானே எடுத்தார்கள்? அதில் இருப்பது ஈடிடிஏ. ரத்தம் உறையாமல் இருக்க கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும், அது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். மெஷின் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. உடம்புக்குள் ஒன்றும் குறைந்திருக்காது. குழாய் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ, எண்ணிக்கை அவ்வளவு இறங்கும். ஸ்மியர், அதாவது ரத்தத்தைத் தகட்டில் பூசிப் பார்த்தார்களா?

மதுரைப் பையன்:
கேட்டேன். "மெஷின் சொன்னதுதான் சார்" என்றார்கள்.

லேப் அக்கா:
இதுதான் எனக்கு எரிச்சல். இவ்வளவு குறைவாக வந்தால் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் ரிப்போர்ட் கொடுக்கவே கூடாது. கொத்து இருந்தால் தகட்டின் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும். வேறு லேபில் ஸ்மியர் கேளுங்கள். கூடவே வெளிர்நீல மூடி, அதாவது சிட்ரேட் குழாயிலும் எடுக்கச் சொல்லுங்கள். கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். எடுத்ததும் மெஷினில் ஓட்டிவிட வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் திரவம் கலப்பதால், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கணும்.

கோவை வாசகர்:
சிலருக்கு சிட்ரேட்டிலும் ஒட்டும். அப்போது விரல் நுனியில் குத்தி நேரடியாகத் தகட்டில் பூசிப் பார்ப்பார்கள். ஒன்று: காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருந்தால் "குழாய்க் கோளாறுதான்" என்று வீட்டில் உட்காராதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

மதுரைப் பையன்:
போய் வந்தாச்சு. ஸ்மியரில் கொத்துக் கொத்தாக இருந்தது, எனக்கே காட்டினார்கள். சிட்ரேட்டில் 1,98,000. பெருக்கினால் 2,17,800! சர்ஜன் மறுதேதி கொடுத்துவிட்டார்.

லேப் அக்கா:
நல்லது. இதை அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு யாராவது 40,000 பார்த்துப் பதறி, தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றிவிடப் போகிறார்கள்.

மதுரைப் பையன்:
வாங்கிவிடுகிறேன் அக்கா. பப்பாளிச் சாற்றை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.